கொடிக்கம்பமும் தவளையும்

– சிரிக்காத கிரியாங். உன் மூஞ்சியிலயும் வெள்ளை மாவுதான் அப்பியிருக்கு. கண்ணாடியில பாத்தியா?

– நான் உன் மூஞ்சியப் பாத்துச் சிரிக்கல லம்துவன். உன் வண்டியப் பாத்துச் சிரிச்சேன். தொட்டியிலருந்து தண்ணி ஒழுகுது பாரு. மணல் ஏத்திட்டு வந்தியா, மீன் ஏத்திட்டு வந்தியா?

– உன் வண்டி மட்டும் காஞ்சா வந்திருக்கு? பின்கதவு வழியா சொட்டிக்கிட்டே நிக்குது. நோங் புவா ஊர் வளைவுல பீப்பாய் பீப்பாயா தண்ணி ஊத்தினானுங்களே, அது யாரு ஏற்பாடுன்னு எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா?

– என் ஏற்பாடா! அடிப்பாவி, அவனுங்க மோட்டார் வச்சு என் தொட்டிக்குள்ளயே குழாயை விட்டானுங்க. சொங்க்ரான் புத்தாண்டு அன்னிக்கு ஆளு மேல தண்ணி ஊத்துவானுங்க, கார் மேல ஊத்துவானுங்க. மணல் மேல எவனாவது ஊத்துவானா? நீதான் உன் அக்கா பசங்களை அங்க நிறுத்தி வச்சிருக்கேன்னு வழியெல்லாம் திட்டிக்கிட்டே வந்தேன்.

– எனக்கெதுக்கு அந்த வேலை? ஈர மணல் என் தொட்டியிலயும்தான் ஒட்டும்.

– பாத்தியா, பாத்தியா! உன் தவளை வண்டிக்கு ஈர மணல் இறங்காதுன்னு உன் வாயாலயே சொல்லிட்ட!

– ஒட்டும்னு சொன்னேன், இறங்காதுன்னு சொல்லல. என் தவளை நாலு காலையும் ஊன்றி உக்காரும். உன் கொடிக்கம்பம் மாதிரி காத்தடிச்சா ஆடாது.

– கொடிக்கம்பமாம்! அதோட அருமை உனக்குத் தெரியாததா? முதன்முதலா அடுக்கு ஜாக்கியை நீயும் நானும் சேந்துதானே மாட்டினோம். ஒரே ஜாக்கி, நட்டுக்க நிக்குது. அஞ்சு அடுக்கு, ஒண்ணுக்குள்ள ஒண்ணு. தொட்டியோட முன்நுனியை, அந்த மூக்கைப் பிடிச்சுத் தூக்குது. மூக்குல தூக்கினா கொஞ்சம் பலம் போதும், பம்புக்கு வலிக்காது. அடியில இரும்பும் அதிகம் வேண்டாம். அந்த எடைக்கும் சேத்து மணல் ஏத்தலாம். நீ பாதி வண்டி இரும்பைத்தானே சுமந்துக்கிட்டு அலையுற!

– அந்த இரும்பு இருக்கிறதாலதான் என் வண்டி இன்னிக்கு வரைக்கும் கவிழல. ரெண்டு ஜாக்கி, ரெண்டும் குட்டை, வயித்துக்கு அடியில அடக்கமா படுத்திருக்கு. அதோட கத்தரிக்கோல் மாதிரி மடங்கி விரியுற கத்தரிக் கை. தொட்டி மேல போகும்போது அந்தக் கை ரெண்டு பக்கமும் பிடிச்சுக்கும், சாய விடாது. ஆயில் கசிஞ்சா ஒரு சீல் மாத்திட்டுக் கைய கழுவிடலாம். உன்னோடதுன்னா அஞ்சு அடுக்கையும் பிரிச்சுப் போட்டுக்கிட்டு பொழுதன்னைக்கும் உக்காரணும்.

– எல்லாம் சரி, உயரம் எங்க? உன் தொட்டி முட்டி போட்டு நிக்கும். என்னோடது எழுந்து நிக்கும். உயரம் இருந்தாத்தான் மணல் முழுசா இறங்கும்.

– உயரம் உயரம்னு சொல்லித்தானே அன்னிக்குக் கால்வாய்க் கரையில என்னை உள்ள உக்கார வச்சுக் கவுத்த? வெளிய நின்னுக்கிட்டு 'இன்னும் மேல, இன்னும் மேல'ன்னு கத்தின. மழை வந்தா இந்தத் தோள்பட்டை இன்னும் வலிக்குது.

– நீ வண்டியைக் கோணலா நிறுத்தின.

– அதே வார்த்தை! ஆஸ்பத்திரியில கண்ணைத் திறக்குறேன், எதிர்ல நிக்கிற, 'நீ கோணலா நிறுத்தின'ங்கிற. எப்படி இருக்கேன்னு ஒரு வார்த்தை கேட்டியா? அன்னிக்கே முடிவு பண்ணேன், பட்டறைக்கு நடுவுல தகரம் அடிச்சிடணும்னு.

– பட்டறையோட விட்டியா, வீட்டுக்கும் சேத்து அடிச்ச. சரி, அதை விடு. தகரத்துக்கு அந்தப் பக்கம் சாயங்காலமானா என்ன வெல்டிங் பண்ற? நீலத் தார்ப்பாயைப் போட்டு மூடி மூடி வைக்கிற?

– உனக்கெதுக்கு?

– சொல்லேன். புதுத் தவளையா?

– எதுவா இருந்தா என்ன? உன் கொடிக்கம்பத்தைத் தூக்கிக்கிட்டு என் பட்டறைப் பக்கம் வந்துடாத. வாயை மூடு, கிம்லாங் அக்கா வர்றாங்க.

– என்னப்பா, புருஷனும் பொண்டாட்டியும் கோயிலுக்குள்ள காலெடுத்து வச்சதும் ஆரம்பிச்சாச்சா?

– பழைய புருஷன்க்கா.

– பழைய பொண்டாட்டிக்கா.

– பழசோ புதுசோ, எனக்கு மணல் விழணும், அவ்வளவுதான். நல்லாக் கேட்டுக்கங்க ரெண்டு பேரும். என் மணல் குவாரிக்குப் பத்து டிரெய்லர் வேணும். பாதிப் பாதியா வாங்குன்னு என் தம்பி சொல்றான். அப்படி வாங்கினா டிரைவருங்க தினம் 'எனக்கு அந்த வண்டி, உனக்கு இந்த வண்டி'ன்னு சண்டை போடுவானுங்க, சாமானும் ரெண்டு விதமா வாங்கி அடுக்கணும். பத்தும் ஒரே மாதிரிதான் வேணும். யாரோட தொட்டி சுத்தமா காலியாகி இந்தக் கேட்டைத் தாண்டுதோ, அவங்களுக்கு ஆர்டர்.

– இன்னொருத்தர் பட்டறையைப் பூட்டிக்கிட்டுப் போகணும்.

– அது எனக்குத் தெரியும் லம்துவன். உனக்கும் வேலை இல்ல, அவனுக்கும் வேலை இல்ல. தகரத்துக்கு ரெண்டு பக்கமும் ரேடியோ சத்தம்தான் கேக்குது. ரெண்டு பேரும் சேந்து பட்டினி கிடக்குறதுக்கு ஒருத்தராவது பொழைக்கலாமில்ல?

– அக்கா, சுத்தமான்னா எவ்வளவு சுத்தம்? மூலையில ஒரு கூடை, ரெண்டு கூடை ஒட்டியிருந்தா?

– ஒரு பிடி கூட இருக்கக் கூடாது. பெரிய பிக்கு தீர்த்தம் தெளிச்சாச்சு.

– எங்க தெளிச்சார்? மணலை இன்னும் கொட்டவே இல்லையே!

– கேட்டுலயே வழிமறிச்சு ரெண்டு வண்டி மேலயும் தெளிக்கச் சொல்லிட்டேன், நீங்க அதையும் சொங்க்ரான் தண்ணின்னு நெனச்சிருப்பீங்க. மந்திரமும் ஓதியாச்சு, காணிக்கையும் கொடுத்தாச்சு. புத்தர் ஊர்வலம் வந்துட்டா அவரு கையில சிக்க மாட்டாரு, அதான்.

– ஐயையோ, என்னக்கா இது! கொட்டின மணலுக்குத்தானே ஓதுவாங்க? வண்டியில இருக்கிற மணலுக்கு யாராவது ஓதுவாங்களா?

– அவசரப்பட்டுட்டேன்ப்பா, என்ன இப்ப? புண்ணியம் கொஞ்சம் முன்னாடியே வந்து சேந்துடுச்சு.

– புண்ணியம் வந்துச்சு சரி. இப்ப தொட்டியில இருக்கிறது கோயில் மணல்னு ஆயிடுச்சே!

– அதைத்தானே சொல்றேன். வருஷம் பூரா நம்ம கால்ல ஒட்டிக்கிட்டுப் போன கோயில் மணலைத் திருப்பிக் கொடுக்கத்தான் இன்னிக்கு ஊரே கூடையில மணல் தூக்கிட்டு வந்து இங்க தூபி கட்டுது. நீங்க மிச்சம் வச்சுக்கிட்டு வெளிய போனீங்கன்னா கோயில் மணலை டிரெய்லர்ல ஏத்திக்கிட்டுப் போன மாதிரி. அந்தப் பாவம் என் தலையில விழக் கூடாது. ஊர்வலம் பாலத்துக்கிட்ட வந்துடுச்சாம், மேளச் சத்தம் கேக்குதா? சீக்கிரம். யாரு முதல்ல?

– நான்.

– போ லம்துவன், போ. வண்டியைக் காக்குற வண்டித்தாய்க்கு மாலை போட்டியா? அவளாவது உன் தவளையைத் தூக்கி விடட்டும்.

– காலையில எழுந்ததும் போட்டாச்சு. உன் கண்ணாடியில தொங்குற மாலை போன மாசத்துது, வாடிப் போய்க் கிடக்கு. முதல்ல அதைக் கவனி.

– பாருங்கக்கா, ஏறி உக்காந்துட்டா. பம்பைப் போட்டாச்சு. கேக்குதா, எப்படி முக்குதுன்னு? தொட்டி படுத்திருக்கும்போது அந்தக் குட்டை ஜாக்கிக்குப் பிடிமானமே கிடைக்காது. கிளப்புறதுதான் அதுக்குப் பெரிய பாடு.

– கிளப்பிடுச்சே தம்பி.

– கிளப்பும், கிளப்பும். மேல போகட்டும்.

– இடது சக்கரம் சேத்துல ஒரு சாண் இறங்கிடுச்சு. தொட்டி மட்டும் அசையாம நேரா போகுதே!

– அதை நான் எப்பவும் ஒத்துக்குவேன்க்கா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க.

– கிரியாங்! அக்காவைக் கூட்டிக்கிட்டு தள்ளி நில்லு! பின்கதவைத் திறக்கப் போறேன்!

– நின்னாச்சு, திற! அம்மாடியோவ்! போகுது போகுது, பாதி ஒரே மூச்சுல போயிடுச்சு! அக்கா, செருப்பு, உங்க செருப்பு!

– செருப்பு கிடக்கட்டும்டா, தொட்டியைப் பாரு! காலியா?

– இல்ல. முன்பக்கம் அப்படியே எருமை படுத்த மாதிரி ஒரு கட்டி ஒட்டிக்கிட்டு இருக்கு. இதுக்கு மேல அவளால உயர்த்த முடியாது. முடிஞ்சுது அவ உயரம்.

– என்ன பண்றா? இறக்குறா, ஏத்துறா, திரும்ப இறக்குறா?

– உலுக்குறாக்கா. அவ ஜாக்கிக்கு ரெண்டு பக்கமும் ஆயில் போகும். ஏறும்போது தள்ளும், இறங்கும்போது இழுக்கும். அதான் அந்த வேகத்துல உலுக்க முடியுது. என்னோடது தள்ளுறதோட சரி, இறங்குறது தன் எடையில தானா இறங்கணும். பாருங்க, பாருங்க, இன்னும் கொஞ்சம் விழுந்துடுச்சு! உலுக்குடி, விடாத!

– நீ யாரு பக்கம் தம்பி?

– என் பக்கம்தான்க்கா. ஏதோ வாய் தவறி வந்துடுச்சு.

– போதும், எறங்கிட்டேன். இனிமே அது விழாது. கை வச்சுப் பாத்தேன், சிமெண்ட் மாதிரி பிடிச்சிருக்கு. சிரி கிரியாங், நல்லா வாய் விட்டுச் சிரி.

– நான் சிரிக்கவே இல்லையே.

– அந்தப் பல்லு பின்ன என்ன காத்து வாங்குதா?

– சத்தியமா சொல்றேன் லம்துவன், உலுக்கினது அழகா இருந்துச்சு. இப்ப கொஞ்சம் தள்ளி நின்னு பாரு. ஈர மணலாவது, சிமெண்டாவது! நான் தூக்குற தூக்குல மணலுக்கே தலை சுத்தணும். 

– எங்க ஓட்டிட்டுப் போற? அங்க நிறுத்தாத! அது போன வாரம் கொட்டின மண்ணு, உள்ள இன்னும் இறுகல. செங்கல் பாதையில நிறுத்து.

– செங்கல் பாதைக்கு மேல விளக்குச் சரம் கட்டியிருக்கான். என் தொட்டி எழுந்தா மொத்தச் சரமும் அறுந்துடும். எனக்குத் திறந்த வானம் வேணும்.

– வானம் வேணும், கீழ பூமி வேண்டாமா? சக்கரத்துக்குப் பலகையாவது போடு!

– ஊர்வலம் வந்துக்கிட்டு இருக்கு, பலகை தேட நேரம் ஏது? தள்ளு, தள்ளு!

– கிம்லாங் அக்கா, நீங்களாவது சொல்லுங்க.

– சொன்னா கேக்குறவனா இருந்தா நீ ஏன் தகரம் அடிச்ச? விடு, தூக்கட்டும். அட, இவன் பம்பு சத்தமே கேக்கலையே!

– கேக்காது. தூக்குறதுல அதை அடிச்சுக்க ஒண்ணும் கிடையாதுக்கா. நான் குறை சொல்றது அதையில்ல. ரெண்டாவது அடுக்கு வந்தாச்சு. மூணாவது. மெதுவா கிரியாங்!

– கதவைத் திறந்துட்டான். மணலைக் காணோமே?

– ஒட்டிக்கிட்டு நிக்குது. இன்னும் மேல போனாத்தான் வழுக்கும். நாலாவது. அக்கா, அந்த இடது சக்கரத்தைப் பாருங்க.

– எங்க? எனக்குத் தெரியலையே.

– சக்கரம் தெரியலைன்னா மண்ணுக்குள்ள போயிடுச்சுன்னு அர்த்தம்! கிரியாங்! நிறுத்து! சாயுது!

– என்ன?

– சாயுதுடா! இடது பக்கம்! நிறுத்து!

– நிறுத்திட்டேன்! கத்தாத! என்ன சத்தம் அது?

– மணல் மொத்தமா ஒரே கட்டியா வழுக்கி வந்து பின்கதவுல சொருகிக்கிச்சு! கீழயும் விழல, உள்ளயும் போகல! எடை எல்லாம் வாலுக்கு வந்துடுச்சு! தொட்டியை இறக்கு!

– இறக்குறேன்! லிவரைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுதான் இருக்கேன்! இறங்க மாட்டேங்குது!

– எப்படி இறங்கும்? வால்ல அவ்வளவு எடை உக்காந்திருக்கு, மூக்கு எப்படிக் கீழ வரும்? உன் ஜாக்கிக்கு இழுக்கத் தெரியாதே! இறங்கி ஓடி வா! வலது கதவு வழியா குதி!

– லம்துவன், அவன் வண்டியைக் கொஞ்சம் முன்னாடி நகத்தினா?

– நகத்தினா அந்த உலுக்கல்லயே கவிழும்க்கா! கிரியாங், காது கேக்குதா? குதிடா!

– முடியாது! லிவர்ல இருந்து கையை எடுத்தா அது நடுவுக்குப் போயிடும், ஆயில் திரும்பாது. தொட்டி இப்படியே நிக்கும். இப்படியே நின்னா எப்படியும் சாயும். அந்தப் பக்கம்தான் சனம் மணல் தூபி கட்டிக்கிட்டு உக்காந்திருக்கு!

– அக்கா, சனத்தை எழுப்பி விரட்டுங்க!

– ஏய், எல்லாரும் எழுந்திருங்க! குழந்தைகளைத் தூக்குங்க! தூபி கிடக்கட்டும், அப்புறம் கட்டிக்கலாம், எழுந்து ஓடுங்க! ஏம்ப்பா, நிறைய பேருக்குக் கேக்கவே இல்ல, மேளம் கிட்ட வந்துடுச்சு!

– கிரியாங், உன் தொட்டி மூக்குல ஒரு கம்பி வடம் தொங்குதே, அது என்ன?

– கிரேன் வச்சு தொட்டியை உக்கார வச்சப்போ மாட்டினது. கழட்ட மறந்துட்டேன்.

– எதையாவது ஒழுங்காக் கழட்டியிருக்கியா நீ! நல்லவேளை, இதையும் கழட்டல. நான் என் வண்டியை செங்கல் பாதையில, உன் வலது பக்கமா பின்னால எடுக்கிறேன். என் தொட்டியைத் தூக்கி, அதோட மூக்குல உன் வடத்தை மாட்டிட்டு, இறக்கப் போறேன்.

– உன்னோடது இறங்கும்போது என்னோடதையும் இழுக்கும்!

– இழுக்கும். வலது பக்கமா இழுக்குறதால சாயவும் விடாது. என் தொட்டியில ஒட்டிக்கிட்டு இருக்கே எருமை, அதுவும் சேந்து அமுக்கும். நீ லிவரை விடாம பிடிச்சுக்க.

– வராத லம்துவன்! இது கவிழ்ந்தா உன் மேலயும் விழும்!

– வாயை மூடிக்கிட்டு லிவரைப் பிடி!

– இந்தப் பொண்ணு நெஜமாவே ஏறிட்டாளே! பின்னால வருது. ஏம்மா, அந்த விளக்குச் சரம்!

– என் தவளை அதுக்குக் கீழயே நிக்கும்க்கா, அறுக்காது! அக்கா, அந்த விளக்கு மாட்டுற மூங்கில் கம்பை எடுத்துக்கிட்டு என் வண்டிக் கூரை மேல ஏறுங்க!

– யாரு, நானா? இந்த உடம்பை வச்சுக்கிட்டா?

– வேற யாரு இருக்கா? வடத்தை அந்தக் கம்பால இழுத்து என் தொட்டிக் கொக்கியில மாட்டணும்!

– ஏறிட்டேன், ஏறிட்டேன்! என் பட்டுப் பாவாடை போச்சு. கம்பு எட்டலையே! இன்னும் கொஞ்சம் பக்கத்துல. இன்னும் கொஞ்சம். பிடிச்சுட்டேன்! மாட்டிடுச்சு! மாட்டிடுச்சு லம்துவன்!

– இறங்கி ஓடிடுங்க அக்கா! கிரியாங், தயாரா?

– லம்துவன், ஒண்ணு சொல்லணும்.

– இப்பவா?

– அன்னிக்குக் கால்வாய்க் கரையில வண்டியை நான்தான் கோணலா நிறுத்தினேன்.

– தெரியும். லிவரை நல்லா இழு! ஒண்ணு, ரெண்டு, இறக்குறேன்!

– வடம் விறைக்குது! அம்மா லம்துவன், உன் வண்டியோட முன் சக்கரம் தூக்குதே!

– தூக்கட்டும்க்கா, தொட்டி இறங்குதா பாருங்க!

– அசையல. அசையல. அசைஞ்சுது! நாலாவது அடுக்கு உள்ள போகுது! தம்பி, இறங்குது! நேராவும் ஆகுது!

– எனக்கும் தெரியுதுக்கா! ஆயில் ஓடுது, கேக்குது! இழு லம்துவன், இழு, விடாத!

– இனிமே அதுவே தானா வந்துடும், எடை மூக்குக்கு வந்துடுச்சு. மெதுவா விடு. மெதுவா, மெதுவா. உக்காந்துடுச்சு. இப்ப வண்டியை முன்னாடி எடு கிரியாங், செங்கல் பாதைக்கு வந்துடு.

– வந்துட்டேன். அது என்ன சத்தம்?

– பின்கதவு பிச்சுக்கிட்டு விழுந்துடுச்சு தம்பி! சொருகியிருந்த மொத்த மணலும் ஒரே கட்டியா வெளிய! தொட்டியில ஒரு பொட்டு இல்ல, கண்ணாடி மாதிரி இருக்கு!

– கிரியாங், கீழ இறங்கு. நில்லு. கையைக் காட்டு. எங்கயாவது அடி பட்டுச்சா?

– இல்ல. நீ எப்படி இருக்க? தோள்பட்டை?

– இப்பவாவது கேட்டியே. நல்லா இருக்கு.

– வழி விடுங்க, வழி விடுங்க! புத்தர் பல்லக்கு உள்ள வருது. கும்பிடுங்க ரெண்டு பேரும். கும்பிட்டாச்சா? அங்க பாரு லம்துவன், உன் தொட்டியில சனம் ஏறிடுச்சு!

– எதுக்குக்கா?

– ஓடச் சொல்லி விரட்டினேனே, பாதித் தூபியை மிதிச்சுட்டு ஓடினாங்க. திரும்பக் கட்ட நல்ல ஈர மணல் வேணுமாம். உன் எருமையைக் கையால பிச்சுப் பிச்சு எடுத்துட்டுப் போறாங்க. கொஞ்ச நேரத்துல உன் தொட்டியும் காலியாயிடும். பாவம் யாருக்கும் இல்ல.

– ஆனா ஆர்டர் இவனுக்குத்தான்.

– பேச்சு பேச்சுதான். வண்டி தானா கொட்டிக் காலியானது இவனோடது. கிரியாங், பத்து டிரெய்லர். வாழ்த்துகள்ப்பா.

– ஒரு நிமிஷம்க்கா. எவனோ மணல்ல தண்ணி விட்டதாலதான் இந்தக் கூத்தே. அவன் யாருன்னு எனக்கு முதல்ல தெரியணும்.

– நான்தான்.

– என்னது!

– நோங் புவா பசங்களுக்கு வறுத்த கோழியும் ஒட்டரிசிச் சோறும் வாங்கிக் கொடுத்து நான்தான் நிறுத்தி வச்சேன். ஏன் ரெண்டு பேரும் அப்படிப் பாக்குறீங்க? என் குவாரியில மணலை ஆத்துலருந்து பம்பு போட்டு உறிஞ்சுறோம். எப்பவும் ஈரம்தான். நீங்க காஞ்ச மணலைக் கொட்டிக் காட்டிட்டு ஆர்டர் வாங்கிட்டுப் போயிடுவீங்க. அப்புறம் தினம் சாகிறது என் டிரைவருங்க.

– அக்கா, நாங்க வழியெல்லாம் ஒருத்தரை ஒருத்தர் திட்டிக்கிட்டு வந்தோம்!

– அது நீங்க தினம் பண்றதுதானே. சரி தம்பி, முதல் வண்டி எப்ப தருவ?

– தர மாட்டேன்.

– என்னடா சொல்ற?

– கிரியாங், பைத்தியமா உனக்கு? வாங்கிக்க.

– நீ சும்மா இரு லம்துவன். அக்கா, நீங்க இப்பதான் சொன்னீங்க, தினம் ஈர மணல்னு. ஆத்தங்கரை மண்ணு இதை விட இளகல். அங்க வால்ல மணல் சொருகிக்கிட்டா, வடம் எடுத்துக்கிட்டு ஓடி வர இவ இருக்க மாட்டா. உள்ள ஒருத்தன் லிவரைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருப்பான். உக்காந்து பாத்துட்டேன்க்கா. அப்படிப் பத்து வண்டியை என்னால கட்டித் தர முடியாது. இவளுக்கே கொடுங்க.

– என்னோடதும் வேண்டாம்க்கா. தினம் தொட்டியில எருமையை ஏத்திக்கிட்டுத் திரும்பும். டிரைவர் உள்ள இறங்கி மண்வெட்டியால வெட்டிக்கிட்டு இருப்பான். நாள்ல பாதி அதுலயே போயிடும்.

– கதையைப் பாருடா! வந்ததும் ஆர்டருக்கு அடிச்சுக்கிட்டீங்க, இப்ப ஒருத்தர் கையில ஒருத்தர் திணிக்கிறீங்க. எனக்கு என்ன வேணும்னு நான் சொல்றேன். முன்னாடி இவன் ஜாக்கி, அந்த உயரத்துக்கு. அடியில உன் கத்தரிக் கை, சாயாம இருக்க. இழுத்து இறக்க உன் குட்டை ஜாக்கி ஒண்ணு. மூணும் ஒரே வண்டியில. ரெண்டு பேரும் சேந்து கட்டிக் கொடுத்தா பத்தும் உங்களுக்கு. மழைக்கு முன்னாடி முதல் வண்டி என் ஆத்தங்கரையில நிக்கணும்.

– மழைக்கு முன்னாடியா? நடக்காதுக்கா. இவளுக்குச் சம்மதம்னே வச்சுக்கங்க, அப்பவும் நடக்காது. அடிச்சட்டத்தையே புதுசா போடணும். கத்தரிக் கையும் அடுக்கு ஜாக்கியும் ஒரே வேகத்துல போகணும், இல்லன்னா ஒண்ணை ஒண்ணு முறுக்கிடும். முன்சுவரை வெட்டி ஜாக்கிக்கு இடம் பண்ணணும். யோசிச்சுக் கோடு போடவே மழை முடிஞ்சுடும்.

– அப்ப நான் வெளியூர் கம்பெனியில பாத்துக்கிறேன். முடியாததைக் கேட்டு என்ன பிரயோஜனம்? வரட்டுமா?

– கிம்லாங் அக்கா, நில்லுங்க.

– என்ன லம்துவன்?

– கிரியாங், அந்த நீலத் தார்ப்பாய்க்கு அடியில என்னன்னு கேட்டியே.

– ஆமா, கேட்டேன்.

– அடிச்சட்டம் முடிஞ்சுது, கத்தரிக் கையும் மாட்டியாச்சு, முன்சுவர்ல உன் கொடிக்கம்பம் நிக்கிற அளவுக்கு இடம் விட்டு வச்சிருக்கேன். தகரத்தைப் பிரிச்சுக்கிட்டு, அதை எடுத்துக்கிட்டு வா.